ஐந்தாம் கட்டம்

மார்ச் கடைசி.
கானாடுகாத்தானில் வெயில்
முற்றத்து நடுவில் நாற்காலி போட்டு
உட்கார்ந்திருக்கிறது.
நான் கணக்கறையில்.
யாரோ வட்டி எழுதிய சாய்வுப்பெட்டியைத் தள்ளிவிட்டு
மடிக்கணினி வைத்திருக்கிறேன்.
ஹோட்டல் ஊழியர் பதினொரு பேர்,
ஆண்டு மதிப்பீடு, நாளை கடைசி நாள்.

சென்னைத் தலைமையகம் ஒரு வளைவு அனுப்பியிருக்கிறது.
கோயில் மணியின் வடிவம்,
நடுவே பருத்து ஓரங்களில் மெலிந்தது.
எல்லா ஊர் ஊழியரும் இந்த மணிக்குள் அடங்க வேண்டும்.
பத்துக்கு ஒருவர்
ஐந்தாம் கட்டத்தில் விழ வேண்டும்:
'எதிர்பார்ப்புக்குக் கீழே.'
எம்.பி.ஏ.யில் இதைப் படம் வரைந்து
பதினைந்து மார்க் வாங்கியவள் நான்.
அந்தப் படத்தில் பெயர்கள் இல்லை.

சலவைப் பிரிவு சவரியம்மாளின் படிவம்
மகளின் கையெழுத்தில் வந்தது.
'ஐந்தாண்டில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?'
'கொடிக்கயிற்றுக்கு அடியில்.
கயிறு எட்டவில்லை. இறக்கிக் கட்டவும்.'
போன வருஷத்துப் படிவத்தை எடுத்தேன்.
அதிலும் கயிறு.
அதற்கு முந்தையதிலும்.
ஓரத்தில் என் பச்சை மை:
'தொழில் இலட்சியம் தெளிவாக இல்லை.'

ஏணி, எலக்ட்ரீசியன் வைரவன், நான்.
ஒரு முழம் இறக்கினோம்,
விரிப்பு செம்மண்ணைத் தொட்டது.
அரை முழம் ஏற்றினோம்.
சவரியம்மாள் துணி போட்டாள்,
இரண்டு குதிகாலும் தரையில்.
இதைப் பதிய ஒரு கட்டம் உண்டா என்று
திரை முழுக்கத் தேடினேன். இல்லை.

ஐந்தாம் கட்டம் காலியாக இருந்தால்
சேமிக்க மாட்டேன் என்கிறது மென்பொருள்.
சிவப்பாகத் துடிக்கிறது.
சிரிக்கவே தெரியாத மெய்கண்டனா?
ஒரு சாவியையும் மாற்றிக் கொடுக்காதவன்.
காவல் சோணைமுத்துவா?
தூங்குவார், பூனை நடந்தாலும் எழுந்துவிடுவார்.

பிறகு அந்த வழி.
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்,
எந்தப் பாடத்திலும் கிடையாது:
போகிறவன் பெயரைப் போடு.
அடைக்கலம், சமையல்.
விலகல் கடிதம் கொடுத்துவிட்டான்,
ஏப்ரலில் பினாங்கு.
போகிறவனுக்கு வலிக்காது.
ஐந்து. சேமி. பச்சை.
பத்துப் பேர் தப்பித்தார்கள், நானும்.
அவன் அனுப்பிய காபி
மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிக்குள் ஒரு சம்பளச்சீட்டு.
மோல்மேன் கடைக்குப் போன அடுத்தாள் ஒருவருக்கு எழுதியது.
மூன்று வருஷத் தவணை, இன்ன சம்பளம்,
பாதி முன்பணம்.
விருந்தினர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள்.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்,
சீட்டில் இரக்கம் ஒன்றும் கிடையாது.
'கணக்கில் வரும் குறைக்குத் தாமே பொறுப்பு.'
ஆனால் அதைப் போகுமுன்
அவரிடம் வாசித்துக் காட்டியிருப்பார்கள்.

மே மாதம் பினாங்கிலிருந்து ஒரு குரல்,
சரிபார்க்கும் கம்பெனி, மரியாதையான மலேசியத் தமிழ்.
பணிக்காலம் சரியா? சரி.
ஒழுங்கு நடவடிக்கை? இல்லை.
திரும்ப வேலைக்கு எடுப்பீங்களா?
நாளைக்கே.
தாள் புரளும் சத்தம்.
'அப்புறம் ஏன் மேடம்
கடைசி மதிப்பீடு அஞ்சு?'

அனுபவச் சான்றிதழின் அடியில்
இயந்திரம் தானாக அச்சடித்திருக்கிறது.
அதன் கீழே, படிக்காமல், என் ஒப்பம்.

ஜன்னலுக்கு வெளியே விரிப்புகள்
சரியான உயரத்தில் காய்ந்துகொண்டிருந்தன.
'அது அவரோட மார்க் இல்லை' என்றேன்.
'பின்னே யாரோடது?'
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
'எழுத்தில் கொடுத்தீங்கன்னா நல்லது,
இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே.'

பச்சை மைப் பேனாவை
எங்கே வைத்தேன் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.